தயிர் சாதத்துக்கு நின்ற பூனை

கொச்சியில் பூனையே இல்லாத ஒரு தெரு இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் தெரு அப்படித்தான் இருந்தது. படகுத்துறையில் பூனை, வலை காயப்போடும் இடமெல்லாம் பூனை, தோப்பும்படிப் பக்கம் போனால் கால் வைக்க இடமில்லாமல் பூனை. ஆனால் மட்டாஞ்சேரியில் தமிழ் பேசுகிறவர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் தெருமுனைக்கு வந்ததும் ஒரு பூனைகூட உள்ளே திரும்பாது. ஏன் திரும்ப வேண்டும்? வீட்டுக்கு வீடு தயிரும் மோரும் பருப்பும். அடுத்த தெருவில் அடுப்புக்கு அடுப்பு மீன் கொதிக்கும்போது எங்கள் மோருக்கு எந்தப் பூனை நாக்கை நீட்டிக்கொண்டு வரும்?

இது எலிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்கள் வீடுகளின் பின்னால் ஒரு சந்து, சந்துக்கு அந்தப்புறம் கிடங்குகள். அரிசி, சுக்கு, மிளகு, கொப்பரை. அத்தனை மூட்டைகளையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் எதற்கு வருகின்றன என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மாடியில் காயவைத்த அப்பளம், குளிக்கிற சோப்பு, மெழுகுவர்த்தி, விளக்கில் எண்ணெய் ஊறிய திரி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கிடங்கில் பழைய சரக்கை ஏற்றிப் புதுச் சரக்கை இறக்குகிற நாட்களில் கேட்கவே வேண்டாம், கல்யாணத்துக்கு வருகிற மாதிரி குடும்பத்தோடு வரும்.

ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்தேன். எங்கள் ஊரிலும் எலி உண்டு. ஆனால் அது மனுஷரைக் கண்டால் ஓடும். மட்டாஞ்சேரியில் முதல் வாரமே சமையலறைக்குள் போனேன், புளிப்பானையின் விளிம்பில் ஒன்று உட்கார்ந்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. முகத்தைத் துடைத்துக்கொள்கிற வேலையை நிதானமாக முடித்தது. அப்புறம்தான் போனது. நான்தான் அதன் வீட்டுக்கு வாழ வந்தவள் என்று அதற்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவர், அவருடைய அம்மா, நான். மாமியாருக்குச் சின்ன வயதிலேயே கணவர் போய்விட்டார். ஒரே பிள்ளையை வளர்த்து ஆளாக்கினார். மெலிந்த உடம்பு, கண்டிப்பான வாய். காலையில் குளித்து, மடியாகத் துணி உடுத்தி, பூஜை முடித்து, தனக்கென்று தனியாகச் சமைத்து, ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடுவார். சாப்பாடு முடிகிறவரை யாரும் அவரைத் தொடக்கூடாது. அந்த நேரத்தில் அவர் நடக்கிற வழியில் நான் நின்றால், “தள்ளிக்கோ, குட்டீ” என்பார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். “தள்ளிண்டுதான் இருக்கேன், இனி செவுத்துக்குள்ளதான் போகணும்” என்பேன்.

எலியைப் பற்றி அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். கொல்லக்கூடாது. அது பிள்ளையாரின் வாகனம். “அவர் ஏறிண்டு போறதை நீ அடிச்சுக் கொன்னா, அத்தனை பெரிய தொப்பையை வெச்சுண்டு அவர் நடந்தா போவார்?” என்று கேட்பார்.

அதனால் மரத்தில் செய்த பொறி ஒன்று உண்டு. உள்ளே கம்பியில் சுட்ட தேங்காய்ச் சில்லைக் குத்திவைத்தால், இழுத்ததும் கதவு விழும். விழுந்த எலியைத் தெருக்கோடியில் விடவும் கூடாது, அது திரும்பி வந்துவிடும் என்பார் மாமியார். தண்ணீரைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டால்தான் அதற்கு வழி தெரியாதாம். என் கணவருக்கு வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா வேலை. தினமும் காலையில் படகேறித்தான் போகவேண்டும். வேறென்ன வேண்டும்? ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய எலிப்பொறி. துறைமுகத்துக் கிடங்குகளுக்குப் பின்னால் கதவைத் திறந்து விட்டுவிட்டு, சாயங்காலம் காலிப் பொறியோடு திரும்புவார்.

படகில் கயிறு போடுகிறவன் இவரைக் கண்டதும், “ஸ்வாமீ, இன்னு ஆள் உண்டோ?” என்று கேட்பானாம். இவர் தலையை ஆட்டினால், “ஆளுக்கு டிக்கெட் வேண்டே?” என்பானாம். படகே சிரிக்கும். இவர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து என்னிடம் சொல்வார்.

“நீங்க கொண்டு விட்டதெல்லாம் அங்கே கப்பலேறிப் பம்பாய் போய்ச் சேர்ந்திருக்கும். இந்த ஆத்துல எலிக்கு இருக்கற யோகம் எனக்கு இல்லை” என்பேன். உள்ளே மாமியாருக்குச் சிரிப்பு வரும். இருமுகிற மாதிரி காட்டிக்கொள்வார்.

குழந்தை பிறக்கும்வரை எனக்கும் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

முதலில் ஒன்று தங்காமல் போயிற்று. அதற்கப்புறம் பிறந்தவள் இவள். அம்மா வீட்டில் பெற்று, கழுத்து நின்றபிறகு கொண்டுவந்தேன். நடு அறை உத்தரத்தில் தூளி கட்டிப் போட்டோம். வெயில் கொளுத்துகிற மாசி மாதம். ஒரு நாள் குழந்தையைத் தூளியில் உறங்க வைத்துவிட்டுப் பின்கட்டில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். வீறிட்டாள். பசி அழுகை எது, வேறு அழுகை எது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? கையில் மாவோடு ஓடினேன். இடது கால் கட்டைவிரலில் ரத்தம். தூளிக் கயிற்றில் ஒரு எலி மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஓடக்கூட இல்லை, நடந்து போனது.

நான் போட்ட கூச்சலில் பூஜையில் இருந்த மாமியார் ஓடிவந்தார். அறை வாசல்வரை வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மடி. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, “ஐயோ பாரேன், பாரேன், துணியால அமுக்கேன்” என்று பதறினாரே தவிர, உள்ளே காலை வைக்கவில்லை. எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. குழந்தை காலில் ரத்தம் ஒழுகும்போதும் மடியா? வாய்விட்டுக் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்கும்.

டாக்டர் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். எலிக்கடியில் ஜுரம் வரலாம், விரல் வீங்கினால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது, விரலைப் பார்ப்பது, மறுபடி நெற்றி. ஜுரம் வந்தது, விட்டது, திரும்ப வந்தது. கடைசியில் ஆறிவிட்டது. ஆனால் நான் ஆறவில்லை. கையில் ஒரு விளக்குமாற்றுக் கட்டையோடு தூளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பால் வாசனைக்குத்தான் வருகிறது, அடுத்த தடவை வாயைக் கடிக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“இந்த ஆத்துல ஒண்ணு எலி இருக்கணும், இல்லேன்னா என் குழந்தை இருக்கணும். ரெண்டும் இருக்க முடியாது” என்று கணவரிடம் சொன்னேன். உள்ளே கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, “பாஷாணம் வாங்கிண்டு வரட்டுமா?” என்றார்.

“நாளைக்குத் தவழப்போற குழந்தை இருக்கற எடத்துல பாஷாணமா? புத்தி கெட்டுப் போச்சாடா நோக்கு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் நியாயம் இருந்தது.

மிச்சமிருந்தது பூனை. என் கணவர் படகுத்துறையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தயிர் சாதம் பிசைந்து வைத்தேன். முகர்ந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. வேறு ஏதாவது வரும் என்று மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. அப்புறம் சுவரேறிக் குதித்துப் போய்விட்டது. இரண்டாவது பூனை சாயங்காலம்வரை இருந்தது. பின்னால் ஒரு நாள் அதைப் படகுத்துறையில் பார்த்தேன். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் பின்சந்து வழியாகத் தினமும் உச்சிவேளையில் ஒரு மீன்காரி போவாள். சந்து முனைவரைக்கும் “மீனேய்” என்று அவள் குரல் ஊரையே எழுப்பும். எங்கள் வீடுகளின் பின்புறத்தில் நுழைந்ததும் குரல் நின்றுவிடும். கூடையை இலையால் மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் விறுவிறுவென்று நடப்பாள். அந்தக் கோடியைத் தாண்டியதும் மறுபடி “மீனேய்.” அப்படிப் போக வேண்டுமென்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு முன்னால் அவள் மாமியார் கூடை சுமந்தபோதும் அப்படித்தானாம். பதிலுக்கு எங்களவர்களும் அவள் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தமாட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் அது ஒரு மரியாதை.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்படலில் நின்றிருந்தபோது, குழந்தையின் கால்விரலில் இருந்த வடுவைப் பார்த்துவிட்டு அவள் நின்றாள். “எலியோ? அய்யோ மோளே! பூச்ச இல்லே?”

“பூனை கொண்டுவந்தா நிக்கறதில்லை.”

அவள் சிரித்தாள். “தைரும் சோறும் திந்நு எந்து பூச்ச நிக்கும் மோளே? ஒரு சாள கொடுத்தா போதும். ஒரொற்ற சாள.” சாளை என்பது அந்தக் கடலில் கொட்டிக் கிடக்கிற சின்ன மீன்.

உள்ளே போய் மாமியாரிடம் அப்படியே சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், எனக்கு அப்போது வேறு எதுவும் கண்ணில் படவில்லை. குழந்தையின் விரல் மட்டும்தான்.

“மீனா? இந்த வளப்புக்குள்ளயா?” அவர் முகம் சிவந்துவிட்டது. “இந்த ஆத்து எல்லைக்குள்ள மீன் வந்துதுன்னா நான் வெளியில போயிடறேன். நன்னா கேட்டுக்கோ.”

“நீங்க எதுக்குப் போகணும்? நானும் குழந்தையும் போறோம்.”

சொன்னதோடு நிற்கவில்லை. பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கியது. அண்ணா வந்து அழைத்துப் போகட்டும் என்று ஊருக்குச் சொல்லியனுப்பினேன். எலி ஒழிகிறவரை திரும்பி வருவதில்லை என்று தீர்மானம். எலி எப்போது ஒழிவது, நான் எப்போது வருவது? அதை நானும் யோசிக்கவில்லை. குழந்தையின் சின்னச் சின்னச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் வாசற்படியில் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார். ஒரு சட்டை கீழே விழுந்திருந்தது, அதையும் பார்த்தார். பின்பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் கணவர் மூன்றாவதாக ஒரு பூனையோடு வந்தார். செவலை. ஒரு காது கிழிந்தது. கயிறு போடுகிறவனே பிடித்துக் கொடுத்தானாம். “இது ஒண்ணு மட்டும் பாத்துடலாமே” என்றார். பாவம், அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஆச்சரியம், செவலை நின்றது. மறுநாளும் நின்றது. பின்சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வாரத்துக்குள் பின்படியில் ஒரு எலியைக் கொண்டுவந்து போட்டது. அடுத்த நாள் இன்னொன்று. உத்தரத்தில் ஓடுகிற சத்தம் குறைந்தது, பிறகு நின்றே போயிற்று. அண்ணா வந்தார், இரண்டு நாள் சாப்பிட்டார், தனியாகத் திரும்பிப் போனார். பெட்டி மறுபடி பரணுக்கு ஏறியது.

“பிள்ளையார் கண்ணைத் தொறந்தார்” என்றார் மாமியார்.

“தன் வாகனத்தைப் பூனைக்குக் குடுத்துட்டா?” என்றேன்.

“அது அதோட ஜாதிக்கு உண்டானதை அது பண்றது. நீயும் நானும் கொல்லலையே” என்று சொல்லிவிட்டு, வேறெங்கேயோ பார்த்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. காரணம் நான் வைக்கிற தயிர் சாதம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். காலையில் வைத்த தட்டு மத்தியானத்துக்குள் காலியாகிவிடுமே. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பக்குவம் சொல்ல ஆரம்பித்தேன். “சாதம் குழைவா இருக்கணும் மாமி, சூட்டோட ஒரு கரண்டி நெய், அப்புறம் புளிக்காத தயிர். அப்பத்தான் அதுக்கு மனசு வரும்.” நாலைந்து வீடுகளில் பூனை கொண்டுவந்து நெய்யும் தயிருமாகப் பிசைந்து வைத்தார்கள். ஒன்றுகூடத் தங்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி நேரே வந்து சண்டைக்கே நின்றாள். நெய் போன வயிற்றெரிச்சல் அவளுக்கு. “உன் தயிர் உசத்தி, எங்க தயிர் மட்டமோ?” என்றாள். “கை மணம் மாமி, அது சொல்லிக் குடுத்தா வராது” என்றேன். தட்டைக் காலி செய்வது காக்கை என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதற்கு நடுவே மாமியாரின் ஆசாரம் ஏறிக்கொண்டே போயிற்று. காலையில் குளித்தது போதாதென்று உச்சிவேளையில் கிணற்றடியில் மறுபடி ஒரு குளியல். கிணறோ உப்புக் கிணறு, அதில் குளித்தால் உடம்பு பிசுபிசுக்கும். கேட்டால், “உஷ்ணம்டி, தாங்கலை” என்பார். அந்தக் குளியலுக்கு அப்புறம்தான் பூஜை, சமையல் எல்லாம். ஒருவேளைச் சாப்பாடும் மத்தியானம் சாய்கிற நேரத்துக்குத் தள்ளிப்போயிற்று. அவர் சாப்பிடாமல் நான் சாப்பிட முடியாது. பால் கொடுக்கிற உடம்பு, பசி கண்ணை இருட்டும். அந்த நேரத்தில் நான் பின்பக்கம் போகவும் கூடாது. “குழந்தையை வெச்சுண்டு வெயில்ல வராதே, உள்ளயே இரு” என்று உத்தரவு. “உங்க அம்மாவுக்கு மடி முத்திண்டே போறது. இனி மூணு குளியல், நாலு குளியல்னு ஆகும், பாத்துண்டே இருங்கோ” என்று கணவரிடம் புலம்புவேன்.

இன்னொரு புதிரும் இருந்தது. மாமியார் போடுகிற கடுமாங்காய் எங்கள் தெருவிலேயே பேர் போனது. காம்போடு பறித்த பிஞ்சு மாங்காய், உப்பும் மிளகாயும் கடுகும், பரணி என்கிற பெரிய ஜாடி நிறைய. அவருக்கென்று இருந்த ஒரே நாக்கு ருசி அதுதான். தயிர் சாதத்துக்கு ஒரு மாங்காய் இல்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்த வருஷம் திடீரென்று அதைத் தொடுவதை விட்டுவிட்டார். பல் கூசுகிறதாம். சரி, கூசட்டும். ஆனால் பரணியில் மாங்காய் இறங்கிக்கொண்டே போகிறதே, அது எப்படி? நான் என் கணவரைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார். “பால் குடுக்கறவ, ஆசையா இருந்தா தின்னுட்டுப் போயேன், மறைப்பானேன்?” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், மழை பிடித்தது. கொச்சி மழை தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லி முடியாது. துணி காயாது, விறகு எரியாது, சுவரெல்லாம் ஓதம். உஷ்ணம் என்று சொல்ல இனி வழியில்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் அந்த மழையிலும் உச்சிக்குப் பின்பக்கம் போய்த் தொப்பலாக நனைந்து வந்தார். “அம்மா, தெய்வம் கோவிச்சுக்காது, ஒரு குளியல் போறும்” என்று நானே சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் இருமல். அப்புறம் ஜுரம். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை.

அன்று உச்சிவேளை. கிடங்கு ஆட்கள் சாப்பிடப் போகிற சத்தம் கேட்டதும் அவர் படுக்கையில் புரள ஆரம்பித்தார். “மணி என்ன?” என்றார். சொன்னேன். கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. “பின்கதவு சாத்தியிருக்கோ?” என்றார். பின்பக்கம் செவலை கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்துகிற கத்து வீடெல்லாம் கேட்டது. “அந்த சனியனுக்கு என்ன கேடு?” என்று எழுந்தேன். “நீ போகாதே” என்றார். நான் போனேன்.

மழையில், வாழை மரத்தடியில், மீன்காரி நின்றுகொண்டிருந்தாள். படலுக்கு உள்ளே. கையில் இலைப் பொட்டலம். என்னைக் கண்டதும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அது எப்படி மறையும்? செவலை வாலைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறதே.

“அம்யார் எவிடே?” என்றாள். எங்கள் பெண்களை அப்படித்தான் அவர்கள் கூப்பிடுவார்கள்.

“ஜுரம், படுத்திண்டிருக்கா. நோக்கு இங்கே என்ன வேலை?”

அவள் படல் பக்கம் நகரப் பார்த்தாள். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று நான் சொன்னதும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. மழையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் பெட்டி அடுக்கிய அன்று மாமியார் பின்படலில் வந்து இவளுக்காகக் காத்து நின்றிருக்கிறார். கைகாட்டிக் கூப்பிட்டதும், ஏதோ தப்பாகிவிட்டது, அம்யார் திட்டப்போகிறார் என்று இவள் பயந்திருக்கிறாள். அவரோ கையைக் கூப்பினாராம். “எனிக்கு வீட்டில் ஒரு குஞ்ஞுகால் உண்டு. அது என்னை விட்டுட்டுப் போகப் போறது. தினம் ஒரு மீன் தரணும்” என்றாராம், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக. குஞ்ஞுகால் என்றால் குழந்தையின் பிஞ்சுக்கால்.

தினமும் ஒரு கொட்டாங்கச்சியை நீட்டி வாங்கிக்கொள்வாராம். முந்தானையால் மூக்கைப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்துப் பூனையைக் கூப்பிடுவாராம். முதல் நாள் வாழையடியில் வாந்தி எடுத்தாராம். இவளே வைத்துவிட்டுப் போகிறேன் என்றாலும் கேட்கமாட்டாராம். பூனை தின்று முடிக்கிறவரை அங்கேயே நிற்பாராம். முள்ளைக் கவ்விக்கொண்டு அது உள்ளே போய்விட்டால், தவழ்கிற குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுமே. கடைசி முள்வரை பொறுக்கி, வாழைக்கு அடியில் குழி பறித்துப் புதைத்து, கல்லைக் கழுவி, கட்டிய துணியோடு கிணற்றடியில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வாராம். “எனிக்கு கடுமாங்கா தரும்” என்றாள் மீன்காரி. “எந்தொரு ருசி, மோளே!”

மழை என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த மனுஷிக்கு உலகத்தில் தனக்கென்று இருந்தது என்ன? கணவன் போய், நல்ல துணி போய், இரண்டாம் வேளைச் சாப்பாடும் போய், மிச்சமிருந்தது அந்த மடி ஒன்றுதான். குழந்தை காலில் ரத்தம் வழிந்தபோதும் அறை வாசலில் அவரை நிறுத்திவைத்த மடி. அதைத் தினமும் உச்சிவேளையில் கிணற்றடியில் இறக்கி வைத்திருக்கிறார். பிறகு உப்புத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு மறுபடி எடுத்து உடுத்திக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். நானோ தயிருக்குக் கை மணம் சொல்லித் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

“மோள் எடுக்குமோ? இல்லெங்கில் ஞான் வைக்காம்” என்று மீன்காரி தயங்கித் தயங்கிப் பொட்டலத்தை நீட்டினாள்.

கையை நீட்டி நானே வாங்கிக்கொண்டேன். அதுவரை மீனை நான் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. இலையைப் பிரித்தேன். சில்லென்று, வழுவழுவென்று, விரல் நீளத்தில் ஒரே ஒரு மீன். குமட்டிக்கொண்டு வந்தது, அதை முந்திக்கொண்டு அழுகை வந்தது. கல்லுக்குப் பின்னால் வைத்தேன். செவலை தின்று முடிக்கிறவரை நின்றேன். முள்ளைப் பொறுக்கிக்கொண்டு வாழையடிக்குப் போனால், அங்கே மண் பொதபொதவென்று இருந்தது, எத்தனையோ தடவை கிளறிக் கிளறி மூடின மண். கையால் தோண்டினேன். வெள்ளை வெள்ளையாய் மெல்லிய முட்கள் மேலே வந்தன. அவற்றோடு சேர்த்து இதையும் மூடினேன்.

கிணற்றில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, உள்ளே போய்த் துணி மாற்றி, நொய்க்கஞ்சி வைத்து, டம்ளரில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன். அதுவரை எதையும் அவர் என் கையிலிருந்து வாங்கியது கிடையாது. தரையில் வைத்துவிட்டு நான் நகர்ந்தபிறகுதான் எடுத்துக்கொள்வார். குழந்தை எப்போது தவழ்ந்து வந்தாளோ, அவர் பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடது கால் விரலில் சின்னதாக ஒரு தழும்பு. அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

என் ஈரத்தலையைப் பார்த்தார். என் கண்ணையும் பார்த்தார்.

“முள்ளு ஒண்ணுவிடாம பொறுக்கினியோ?” என்றார்.

“வாழைக்கு அடியில புதைச்சுட்டேன், அம்மா.”

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “தலையை நன்னாத் துவட்டிக்கோ. பால் குடுக்கறவ நீ” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டி, கஞ்சி டம்ளரை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.